உல்லாசத் தலப் பிரதிநிதியின் உத்தியோகம்

பிறர் இளைப்பாறுங் காலத்திலே தாம் உழைப்பதைத் தொழிலாகக் கொண்டவர் உலகிற் பலர். சமையற்காரரும் படகோட்டியும் வாத்தியக்காரரும் அவ்வகையினரே. அவர்தம் வேலை இன்னதென்பது கண்டவுடன் விளங்கும். ஆனால், மத்தியதரைக் கடலோரத்துக் கோடைத் தலங்களில் கம்பெனியின் நிறத்திலமைந்த சட்டையணிந்து, பெயர்ப்பட்டியல் செருகிய அட்டையொன்றைக் கையிலேந்தி நிற்கும் பிரதிநிதியைக் கண்டு, இவர் செய்யும் வேலை யாதென வினவினால் விடை எளிதிற் கிடைப்பதில்லை. அவர் சமைப்பதில்லை, அறையைப் பெருக்குவதில்லை, வண்டி ஓட்டுவதுமில்லை. ஆயினும் சமையல் கெட்டாலும், அறை அழுக்காயிருப்பினும், வண்டி வாராதொழியினும் வசை கேட்பவர் அவரே. இவ்விசித்திரமான உத்தியோகம் தோன்றிய வரலாற்றையும், அதன் நடைமுறையையும், அதனுள் அடங்கிய சங்கடத்தையும் நாம் ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

இதன் மூலத்தைத் தேடிச் செல்வோர் இங்கிலாந்திலுள்ள லெஸ்டர் நகரத்தை அடைவர். அங்கு வாழ்ந்த தாமஸ் குக் என்பார் மரவேலை பயின்றவர், பாப்டிஸ்டுச் சபையினர், மதுவிலக்கிற் பேரூக்கமுடையவர். அவர் 1841ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5ஆம் தேதியன்று, சுமார் 11 மைல் தொலைவிலுள்ள லஃபரோ என்னும் ஊரில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்திற்கு, ஏறக்குறைய 500 பேரைத் தனி ரயிலில், தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் அழைத்துச் சென்றார். 1855இல் ஐரோப்பாக் கண்டத்திற்கு ஒரு கூட்டத்தை நடத்திச் சென்றார். 1872இல் புறப்பட்டு 222 நாட்களில் உலகையே சுற்றி வந்தார். இப்பிரயாணங்களின் சிறப்பு யாதெனின், டிக்கெட்டை விற்றவரே ரயிலிலும் கப்பலிலும் கூட வந்ததாகும். விற்ற வாக்குறுதிக்கு அவர் முகமே ஜாமீனாயிருந்தது. படுக்கை கிடைக்கவில்லையெனின், அதைக் கேட்கவேண்டிய ஆள் அதே வண்டியில் இருந்தார்.

இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின்னர் இந்நிலை மாறிற்று. 1950ஆம் ஆண்டு மே மாதத்தில் விளாடிமிர் ரைட்ஸ் என்பார், தாம் நிறுவிய ஹொரைசன் என்னும் கம்பெனியின் வாயிலாக, பிரயாணிகளை ஆகாய விமானத்தில் ஏற்றிக் கார்ஸிகாத் தீவிலுள்ள கால்வி என்னும் கடற்கரையூருக்கு அனுப்பினார். விமானக் கட்டணம், கூடாரவாசம், உணவு யாவும் சேர்த்து 32 பவுன் 10 ஷில்லிங். அரசாங்கத்தார் தொடக்கத்தில் மாணவரையும் ஆசிரியரையும் மாத்திரமே ஏற்றிச் செல்ல அநுமதி தந்தனர். இன்று கோடிக்கணக்கானோரை வாடிக்கைக்காரராகக் கொண்ட இவ்வியாபாரம் எம்போன்ற உபாத்தியாயரை நம்பியே தொடங்கிற்று என்பதைக் கல்லூரிச் சஞ்சிகையிற் குறிப்பிடுவதில் நமக்குச் சிறிது திருப்தியுண்டு. அதே 1950ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டவரான ஜெரார் பிளிட்ஸ் என்பார் மஜோர்க்காத் தீவின் அல்கூடியாவில் ‘கிளப் மெடிட்டரேனி’யின் முதற் கூடார முகாமை அமைத்தார். அம்முகாமில் வேலை செய்பவர்க்கு ஊழியர் என்னும் பெயர் வழங்கவில்லை. ‘அன்பான ஏற்பாட்டாளர்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களால் அவர் அழைக்கப்பட்டனர். அன்பு என்பது உத்தியோகப் பெயரிலேயே ஏறிவிட்டதை வாசகர் கவனிக்க.

விமானங்களும் ஹோட்டல்களும் பெருகப் பெருக, விற்பவர் லண்டனில் தங்கினார். வாங்கியவர் மாத்திரமே பிரயாணஞ் செய்தார். ஆகவே தமக்குப் பதிலாக ஒரு முகத்தைக் கூலிக்கு அமர்த்தி அங்கு நிறுத்த வேண்டியதாயிற்று. அம்முகமே பிரதிநிதி. குக் என்பாரிடம் ஒன்றாயிருந்த முகமும் அதிகாரமும் இவ்விடத்திற் பிரிந்தன. முகம் கடற்கரைக்கு வந்தது. அதிகாரம் தலைமைக் காரியாலயத்திலே தங்கிவிட்டது. இவ்வுத்தியோகத்தின் துன்பங்கள் யாவும் இப்பிரிவினின்றே தோன்றுவன என்பது நம் கருத்து.

இனி நடைமுறையைக் காண்போம். ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு. மஜோர்க்காவின் தலைநகரான பால்மா விமான நிலையம். வாடகை விமானம் நிலத்தில் நிற்கும் ஒவ்வொரு மணியும் நஷ்டமாதலின், அஃது இரவும் பகலும் பறந்துகொண்டிருக்கும். அதனால் ஒரு கூட்டத்தார் நடுப்பகலில் இறங்குவர்; மற்றொரு கூட்டத்தார் விடியற்காலை 2 மணிக்கு இறங்குவர். பிந்திய கூட்டத்தாருக்கும் முகமலர்ச்சியோடு வரவேற்புச் சொல்ல வேண்டும். பெயர்களைச் சரிபார்த்து, பெட்டி தொலைந்தவரை உரிய காரியாலயத்திற்கு அனுப்பி, பஸ்ஸின் இலக்கத்தைச் சொல்லி, அழுகின்ற குழந்தையின் தாயாருக்கு முன்வரிசையில் இடமளித்து, எல்லாரும் ஏறியபின் தலைகளை எண்ண வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் வண்டி புறப்படலாகாது. ஒரு தலை கூடினாலோ அதைவிடப் பெருங் குழப்பம். வேறு ஹோட்டலுக்குரிய ஒருவர் இந்த வண்டியில் உறங்கிக்கொண்டிருப்பார்.

வண்டி நகர்ந்ததும் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேச வேண்டும். இங்கிலாந்தினும் இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே செல்வது. குழந்தைகளைத் தனியே நீச்சற்குளத்திற்கு விடலாகாதென்பது. பால்கனிக் கைப்பிடியின்மேல் ஏறி அமரலாகாதென்பது. மறுநாட் காலை வரவேற்புக் கூட்டம் நடைபெறும் இடம். இவற்றைக் கேட்போரிற் பாதிப்பேர் உறங்குவர். ஆயினும் பால்கனியைப்பற்றிய எச்சரிக்கையை ஒருநாளும் விடலாகாது என்று புதிதாய்ச் சேர்வோர்க்குப் போதிப்பர். கோடைதோறும் பால்கனியினின்று விழுந்து இறக்கும் வாலிபர் அத்தலங்களில் உளராதலின், அப்போதனை வெறுஞ் சம்பிரதாயமன்று.

மறுநாட் காலைக் கூட்டத்தில் வேறொரு வேலை தொடங்குகிறது. பிரதிநிதி ஊரின் இயல்பு, கடைத்தெரு, வைத்தியர், பஸ் நேரம் முதலியவற்றைச் சொல்லிக்கொண்டே, குகைகளைக் காணும் யாத்திரை, படகுச் சவாரி, இரவு விருந்து ஆகியவற்றின் டிக்கெட்டுகளை விற்பார். அடிப்படைச் சம்பளம் சிறிது. தங்க இடம் கம்பெனி கொடுக்கும், அதுவும் பெரும்பாலும் மற்றொருவரோடு பகிரும் அறை. மேல்வருமானம் விற்ற டிக்கெட்டின் தரகிலே கிடைக்கும். பல கம்பெனிகளில் இவ்வளவு விற்றாக வேண்டுமென்ற அளவும் உண்டு. இங்கே ஒரு சிக்கல் நேர்கிறது. “இவ்வூரிற் பொது பஸ்ஸில் ஏறினால் அக்குகைக்குக் குறைந்த செலவில் போகலாமா?” என்று ஒரு கிழவர் கேட்கிறார். போகலாம் என்பது உண்மை. போகலாம் என்று சொன்னால் தரகு போயிற்று. போக முடியாதென்று சொன்னால் பொய்யாயிற்று. நாணயமான பிரதிநிதிகள் பொது பஸ்ஸின் நேரத்தையுஞ் சொல்லி, நம் வண்டியில் வழிகாட்டியும் நுழைவுச் சீட்டும் சேர்ந்து வருவதையுஞ் சொல்லிவிட்டு, முடிவைக் கிழவரிடமே விட்டுவிடுவர். இவ்வாறு செய்பவர் குறைவாக விற்பதாகத் தோன்றினும், அக்கிழவர் பின்னொரு நாள் வேறொன்றை ஐயமின்றி வாங்குவார். ஆனால் அது நிகழும்வரை காத்திருக்கக் கம்பெனியின் வாரக் கணக்கிற்குப் பொறுமையிராது.

திருவள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். தூது என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்தார். விருந்தோம்புபவன் தன் இல்லத்தில் தன் பொருளைத் தருபவன். தூதன் தன் அரசன் சொல்லைப் பிறரிடம் உரைப்பவன். பிரதிநிதியிடம் இவ்விரண்டும் ஒருங்கே எதிர்பார்க்கப்படுகின்றன. ஆனால் இல்லமும் அவருடையதன்று, பொருளும் அவருடையதன்று. தூதனுக்குரிய மதிப்பும் அவர்க்கு இல்லை. அறையை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ அவர்க்கு அதிகாரம் மிகக் குறைவு.

இதன் கடுமையை நன்கு உணர்த்துவது, அறைகளுக்கு மேற்பட்ட பதிவு. ஹோட்டல்காரர் தம் அறைகளைப் பல கம்பெனிகளுக்குப் பங்கிட்டு ஒப்புக்கொள்வார். பதிவு செய்தவரிற் சிலர் வாராதொழிவர் என்னும் பழைய அநுபவத்தைக் கொண்டு, உள்ளதற்கு மேலுஞ் சில அறைகளுக்கு இசைவார். மே மாதத்தில் இக்கணக்குப் பலிக்கும். ஆகஸ்டில் எல்லாரும் வந்துவிடுவர். அப்பொழுது ஹோட்டல் மானேஜர் பிரதிநிதியை மாலையில் அழைத்து, இன்றிரவு வரும் குடும்பங்களுள் ஒன்றுக்கு இடமில்லை என்பார். எக்குடும்பத்தை வேற்றிடத்துக்கு அனுப்புவது? குழந்தையோடு வருபவரை அனுப்பலாகாது, நோயாளியை அனுப்பலாகாது, போன ஆண்டும் இதே ஹோட்டலில் தங்கி இவ்வாண்டும் விரும்பிக் கேட்டவரை அனுப்பலாகாது. இறுதியில் புதுமணத் தம்பதிகளோ, எதிர்த்துப் பேசத் தெரியாத முதியோரோ அகப்படுவர். பிழை செய்தவர் ஹோட்டல்காரர். அதற்கு இடங்கொடுத்தது கம்பெனியின் ஒப்பந்தம். விடியற்காலையில் அச்செய்தியைச் சொல்பவரோ இருபத்திரண்டு வயதான ஒரு பெண். “குழாய் உடைந்து அறையில் நீர் புகுந்துவிட்டது” என்று சொல்லிவிடும்படி மானேஜர் அவளுக்கு யோசனை சொல்வதும் உண்டு.

அவ்வாறு சொல்லலாமா? பலர் சொல்லியிருக்கின்றனர். கோபம் அப்போதைக்குத் தணியும். நீர் புகுந்ததற்கு யாரை நோவது? ஆனால் அத்தம்பதிகள் மறுநாள் அதே ஹோட்டலுக்கு வந்து, தமக்குரிய அறையில் வேறொருவர் உலர்ந்த தரையில் நடமாடுவதைக் காண்பாராயின், அதன்பின் பிரதிநிதி சொல்லும் மெய்யும் பொய்யாகவே படும். தீப்பற்றினால் எவ்வழியாய் வெளியேறுவதென்று அவர் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நம்மிடம் கருத்துக் கேட்டால், ‘அறை இல்லை; இது ஹோட்டலின் பிழை; உங்களுக்குக் கிடைக்கக்கூடியது இவ்வளவு; எழுத்தில் முறையிடுவதற்குரிய தாள் இதோ’ என்று சொல்வதே முறையென்போம். அவ்விரவில் வசை சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும் என்பதையும் மறைக்கமாட்டோம்.

முறையீட்டுத் தாளைப்பற்றிச் சொன்னோம். அஃது ஏன் முக்கியமானது என்பதற்குச் சட்டத்தின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். 1969ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில், வழக்கறிஞர் உத்தியோகத்திலிருந்த ஓர் ஆங்கிலேயர் ஸ்விட்ஸர்லாந்து மலையூரொன்றுக்கு 15 நாள் விடுமுறையாகச் சென்றார். விளம்பரப் புத்தகத்தில் விருந்துக் கூட்டம், மாலைத் தேநீரும் பலகாரமும், மலைநாட்டுப் பாட்டுக் கச்சேரி, பிரதிநிதியின் சேவை என்றெல்லாம் கண்டிருந்தது. முதல் வாரத்தில் அங்கு 13 பேர் இருந்தனர். இரண்டாம் வாரத்தில் அவர் ஒருவரே விருந்தினர். விருந்துக் கூட்டம் என்பது அவரோடு முடிந்தது. ஹோட்டல்காரருக்கோ ஆங்கிலந் தெரியாது. பாட்டுக் கச்சேரியாவது, ஊரிலிருந்து ஒருவர் வேலையுடையோடு வந்து நாலைந்து பாட்டுகளை விரைவாய்ப் பாடிவிட்டுப் போனதே. பிரதிநிதி முதல் வாரத்தில் இருந்தார். இரண்டாம் வாரத்தில் இல்லை. அவர் செலுத்தியது 63 பவுன் 45 பென்னி. கீழ்க்கோர்ட்டார் ஏறக்குறைய அதிற் பாதியைத் தரும்படி தீர்ப்பளித்தனர். 1972இல் மேற்கோர்ட்டில் டென்னிங் பிரபு முதலியோர் அத்தொகையை 125 பவுனாக உயர்த்தினர். கொடுத்த பணத்திற்கு மாத்திரமின்றி, அடைந்த ஏமாற்றத்திற்கும் ஈடு உண்டென்று துணிந்தனர். பிரதிநிதியின் சேவையும் விற்கப்பட்ட பொருளின் ஒரு பகுதியே என்பது இவ்வழக்கினால் நன்கு விளங்கும்.

பின்னர் 1990இல் ஐரோப்பியச் சமூகத்தார் ஒரு கட்டளை பிறப்பித்தனர். அதற்கிணங்க 1992இல் பிரிட்டனில் விதிகள் ஏற்பட்டன. ஹோட்டல்காரரோ பஸ்காரரோ செய்த பிழைக்கும் யாத்திரையை விற்ற கம்பெனியே பொறுப்பு என்பது அவற்றின் சாரம். அதனோடு, பிரயாணி தாம் கண்ட குறையை அவ்விடத்திலேயே விரைந்து தெரிவிக்க வேண்டுமென்றும் விதித்தனர். வீடு திரும்பி எழுதுவேன் என்றிருப்பவர் தம் வழக்கைத் தாமே பலவீனப்படுத்துகிறார். ஆகவே பிரதிநிதி வாங்கிவைக்கும் ஒரு துண்டுத்தாள், பிற்காலத்தில் தம் எஜமானருக்கு எதிராகவே கோர்ட்டிற் சாட்சியாகும். அதை ஒழுங்காகப் பதிந்து கையொப்பமிட்டு நகல் கொடுப்பவரே நல்ல பிரதிநிதி. எஜமானரிடம் சம்பளம் பெற்றுக்கொண்டு அவருக்கெதிரான சாட்சியை ஒழுங்காக எழுதிக் கொடுக்கும்படி விதிக்கும் உத்தியோகங்கள் வேறு அதிகம் உளவோ என்பது ஐயம்.

முறையீடுகள் யாவும் பலகாரத்தைப்பற்றியன அல்ல. 2006ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டுக் கோர்ஃபூத் தீவில், விடுமுறைக்குச் சென்ற குடும்பமொன்றின் இரு குழந்தைகள், பழுதுற்ற கொதிகலத்தினின்று அறைக்குட் கசிந்த கார்பன் மோனாக்ஸைடு வாயுவினால் மாண்டனர். நீச்சற்குளத்தின் ஆழக்குறி, தீயணைக்குங் கருவி, பால்கனிக் கைப்பிடியின் உயரம், நீர்காய்ச்சுங் கலம் ஆகியவற்றைப் பட்டியலிட்டுப் பார்த்துவரும் கடமை மிகச் சலிப்பூட்டுவது. குறியிடுவது ஒரு நிமிஷம். போய்ப் பார்ப்பது ஒரு மணி நேரம். பாராமலே குறியிட்டவர்க்குப் பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. அதுவே அதன் அபாயம்.

ஆர்லி ஹாக்ஷீல்டு என்னும் அமெரிக்கச் சமூக சாஸ்திரி 1983இல் வெளியிட்ட நூலொன்றில், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, உணர்ச்சியையே உழைப்பாக விற்கும் நிலையை விவரித்தார். அவர் கண்ட விமானப் பணிப்பெண் சில மணி நேரத்தில் இறங்கிப் போய்விடுவாள். பிரதிநிதியோ விருந்தினர் தங்கும் ஊரிலேயே, சில சமயம் அதே ஹோட்டலிலேயே வாழ்பவர். கடைக்குச் சென்றாலும் கடலில் இறங்கினாலும் யாரேனும் ஒருவர் குளியலறைக் குழாயைப்பற்றிப் பேச வருவர். வேலைச் சட்டையைக் கழற்றினும் முகத்தைக் கழற்ற முடிவதில்லை.

இளைஞர்க்கென விற்கப்பட்ட யாத்திரைகளைப்பற்றி நாம் அதிகம் எழுத விரும்பவில்லை. பிரதிநிதிகளே கூட்டத்தை மதுக்கடை மதுக்கடையாய் அழைத்துச் செல்லும் வழக்கம் மஜோர்க்காவின் மகலூஃப் முதலிய இடங்களிற் பல்லாண்டு நிலவியது. 2020ஆம் ஆண்டு ஜனவரியில் பலேயாரிக் தீவுகளின் அரசாங்கம் குறித்த சில பகுதிகளில் அதனைத் தடுத்தது. மதுவிலக்குக் கூட்டத்திற்கு ஒரு ஷில்லிங் ரயிலில் தொடங்கிய தொழில் இந்நிலைக்கு வந்ததைக் குக் கண்டிருப்பாராயின் என்ன சொல்லியிருப்பாரோ!

அவர் பெயரால் விளங்கிய கம்பெனியும் 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி முறிந்தது. 178 ஆண்டுகள் நடந்த வியாபாரம் ஓரிரவில் நின்றபொழுது, பிரிட்டிஷ் பிரயாணிகள் 150,000 பேருக்கு மேல் அயல்நாடுகளில் இருந்தனர். அரசாங்கத்தாரும் விமானப் போக்குவரத்து அதிகாரிகளும் விமானங்களை அமர்த்தி இரண்டு வாரத்தில் அவர்களைத் திரும்பக் கொணர்ந்தனர். முறிவதற்கு முந்திய நாட்களில் துனீஸியாவிலுள்ள ஹோட்டலொன்றில், கம்பெனி செலுத்தவேண்டிய பாக்கியை விருந்தினரே கட்டவேண்டுமென்று வாயிற்கதவை அடைத்த சம்பவமும் நிகழ்ந்தது. அந்நாட்களில் உல்லாசத் தலங்களிலிருந்த பிரதிநிதிகளின் நிலையை எண்ணிப் பார்க்க. உத்தியோகம் போயிற்று, அம்மாதச் சம்பளம் வருமென்ற உறுதியில்லை, யாருக்குப் பிரதிநிதியென்று நின்றார்களோ அவரே இல்லை. அப்படியிருந்தும் அவர்களிற் பலர் விமான நிலையத்திற்குச் சென்று விருந்தினரை வரிசைப்படுத்தி அனுப்பிக்கொண்டிருந்தனர். இதற்குத் தரகு இல்லை, கட்டளையிடுவாரும் இல்லை. முதலாளி மறைந்தபின்னரே அவர்கள் தங்களுக்குத் தாங்களே பிரதிநிதிகளாயினர் எனலாம்.

2023ஆம் ஆண்டு ஜூலையில் ரோட்ஸ் தீவிற் காட்டுத்தீ பரவி, சுமார் 19,000 பேரை வீடுகளினின்றும் ஹோட்டல்களினின்றும் அப்புறப்படுத்த நேர்ந்தது. பள்ளிக்கூடத் தரையிற் படுத்திருந்த பிரயாணிகளுட் சிலர், தம் பிரதிநிதி இரவு முழுதும் உறங்காது உதவினாரென்று புகழ்ந்தனர். வேறு சிலர், தம் கம்பெனியின் சார்பில் ஒருவரையும் காணவில்லையென்று குமுறினர். இவ்விரண்டும் மெய்யாயிருக்கலாம். ஏனெனில் அதற்குள் பல கம்பெனிகள் ஹோட்டல்தோறும் ஆள் வைக்கும் வழக்கத்தைக் குறைத்து, கைபேசியிற் செய்தி அனுப்பினால் தொலைவிலிருந்து ஒருவர் விடையளிக்கும் முறைக்கு மாறியிருந்தன. 2015ஆம் ஆண்டு ஐரோப்பியக் கட்டளையும் இதற்கு இடந்தருகிறது. ‘உள்ளூர்ப் பிரதிநிதி, அல்லது தொடர்பு நிலையம், அல்லது வேறு சேவை’ எதுவாயினும் போதுமென்பது அதன் பொருள். பஸ் நேரத்தையும் கடைத்தெருவையும் அறிய ஆள் வேண்டியதில்லை; கைபேசி அவ்வேலையை நன்றாகவே செய்கிறது, அதுவும் தரகு வாங்காமல். ஆதலின் கம்பெனிகளின் கணக்கை நாம் முற்றும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அக்கணக்கு, தீப்பிடியாத நாட்களைக் கொண்டு போடப்பட்டதென்பதையும் சொல்லாதிருக்க முடியவில்லை. அந்நிய வைத்தியசாலையில் கணவனை இழந்து நிற்கும் மூதாட்டிக்கு, எக்காரியாலயத்தில் எத்தாளில் கையொப்பமிட வேண்டுமென்று கூடவே சென்று காட்டுவதற்கு இன்றளவும் வேறு உபாயம் ஏற்படவில்லை.

வேலைக்கு வருவோரும் மாறினர். 2021ஆம் ஆண்டு தொடங்கிப் பிரிட்டிஷ் பிரஜைகள் ஐரோப்பிய ஐக்கிய நாடுகளில் தடையின்றி வேலை செய்யும் உரிமையை இழந்தனர். 180 நாளில் 90 நாள் விருந்தினராய்த் தங்கலாம்; உத்தியோகத்திற்குத் தனி அநுமதி வேண்டும். ஆறு மாதக் கோடை வேலைக்காக அவ்வநுமதியைப் பெற முயல்வது பல சமயங்களில் வீண்செலவாதலின், கம்பெனிகள் அயர்லாந்து முதலிய நாடுகளின் பாஸ்போர்ட்டு உடையோரையும் உள்ளூராரையும் மிகுதியாய் அமர்த்துகின்றன. மொழியறிவில் இஃது ஒருவகையில் இலாபமே. ஸ்பானிய வைத்தியர் சொன்னதை முகங்கோணாமல் ஆங்கிலத்தில் எடுத்துரைக்கவல்ல ஒருவர், டிக்கெட்டு விற்கவல்ல மூவரினும் பயன்படுவார்.

அக்டோபர் இறுதியில் தலங்கள் அடைபடும். நாற்காலிகளை அடுக்கிக் கட்டுவர். குளத்து நீரை இறைத்துவிடுவர். கடைசி விமானத்தில் விருந்தினரை ஏற்றியபின், பிரதிநிதி தம் அறிவிப்புப் பலகையிலுள்ள தாள்களைக் கிழித்தெடுத்து, முறையீட்டு நகல்களை ஆண்டுவாரியாய்க் கட்டிக் காரியாலயத்தில் ஒப்படைத்து, சீட்டு வாங்கிக்கொள்வார். ஒப்பந்தம் அன்றோடு முடியும். அடுத்த கோடைக்கு மீண்டும் எடுத்துக்கொள்வார்களா என்பது குளிர்காலத்தில் வரும் கடிதத்திலே தெரியும்.